பாலத்தில் விழுந்த முத்திரை

11-2-79, ஞாயிறு. பனி.

மலைமேல் வாழும் சகல ஜனங்களுக்கும், ஃபாரஸ்ட் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் மூன்று பேருக்கும், ஒரு கோழிக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: இன்று காலை ஏழரை மணியளவில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அடியேனின் முழுக்கால் சட்டையை வெள்ளையன் வீட்டு ஆடு முழங்கால்வரை தின்று முடித்தது. இன்று முதல் அது முக்கால் சட்டை. ஆடு நலம்.

அம்மா சிரிக்கவில்லை. வேறு சட்டை பங்குனிக்குத்தானாம்.

மதியம் நைனாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பழைய பாலத்துக்குப் போனேன். (நைனா ஃபாரஸ்ட் கார்டு. நான் அவர் இன்னும் எங்கேயும் அனுப்பாத போஸ்ட் கார்டு. இதை மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒருவனும் சிரிக்கவில்லை.) ஓடைமேல் இருக்கிற வெள்ளைக்காரன் காலத்துக் கல் பாலம். உடைத்துவிட்டுப் புதுசு கட்டுகிறார்கள். புதூர்நாட்டுக்கு ஒழுங்காக பஸ் வருமாம்.

பாலத்து வளைவின் அடியில் வரிசையாக மண் கூடுகள், சுரைக்குடுக்கையைக் கவிழ்த்து ஒட்டிய மாதிரி. தரையில்லாக் குருவி. தை பிறந்ததும் எங்கிருந்தோ கூட்டமாக வரும். ஓடைச் சேற்றை அலகில் உருட்டி உருட்டிக் கூடு கட்டும். குஞ்சு பொரித்துப் பறக்கவைத்து, வெயில் ஏறியதும் மொத்தமும் கிளம்பிவிடும். எங்கே போகிறது என்று நைனாவுக்கே தெரியாது. நாற்பத்து மூன்று கூடு. எண்ணியவர் நைனா. எல்லாவற்றிலும் முட்டையோ குஞ்சோ இருக்கிறதாம்.

நைனா மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது நாள் பொறுத்தால் குஞ்சு பறந்துவிடும், அதுவரை அந்தாண்டக் கரையில் தோண்டலாமே, சட்டம் அப்படி இருக்கிறது என்று. சட்டம் என்கிற வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொன்னார், கெட்ட வார்த்தை மாதிரி.

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, “இன்னா கார்டே, குருவிக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டியா?” என்றார்.

ஜல்லி சுமந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நைனாவும் சிரித்தார். அதுதான் தாங்கவில்லை. கேரியரைத் திறக்காமலே என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

12-2, திங்கள்.

கணக்குப் பரீட்சை. கணக்கு என்னை வென்றது.

சாயங்காலம் நைனாவின் தகரப் பெட்டியைக் குடைந்தேன். சட்டப் புத்தகம் இருக்கிறது, வனவிலங்குச் சட்டம், ஒல்லியாக. கரப்பான் பாதி படித்திருக்கிறது. மீதியை நான் படித்தேன். வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும் இல்லையாம். பறவையின் முட்டையை உடைத்தாலும் வேட்டை. கூட்டைக் கலைத்தாலும் வேட்டை. ஆக மேஸ்திரி ஒரு வேட்டைக்காரர். கையில் வெற்றிலைப் பெட்டியோடு திரியும் வேட்டைக்காரர்.

நைனா சொன்னது அத்தனையும் சரி. சரியாக இருந்தும் சிரித்துவிட்டு வந்திருக்கிறார்.

பெட்டியில் கண்ட மற்றவை:
1. என் தொலைந்துபோன கவண்
2. பழுப்பு பூட்ஸ் பாலிஷ்
3. சுத்தியல்.

சாதாரண சுத்தியல் இல்லை. ஏலத்துக்குக் குறித்த மரங்களில் அடிப்பதற்காக ரேஞ்ச் ஆபீசிலிருந்து வாங்கி வந்தது. முகத்தில் வட்டம், உள்ளே ஓர் எழுத்து, கீழே நம்பர். ஓங்கி அடித்தால் மரத்தில் பதியும். பதிந்தால் அது சர்க்கார் சொத்து. இந்த மலையில் எழுத்துத் தெரியாதவர் உண்டு, சுத்தி அடித்த குறி தெரியாதவர் கிடையாது. அடித்ததைத் தொட்டால் கேஸ். சந்தனக்கட்டையில் ஆரம்பித்து விறகுச் சுள்ளிவரை அனுபவப்பட்டவர்கள்.

ஒரு யோசனை. எழுத மாட்டேன். செய்துவிட்டு எழுதுகிறேன்.

13-2, செவ்வாய். காலை பனி, பகல் நல்ல வெயில்.

செய்தாயிற்று!

காலை ஆறு மணிக்குப் பாலத்தில் ஈ காக்கை இல்லை (குருவி உண்டு). நான் ஒட்டிய அறிவிப்பின் நகல், வருங்காலச் சந்ததியினருக்காக:

‘அறிவிப்பு. இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், மேற்படிப் பாலத்தின் அடியில் மேற்படிக் குருவிகள் குடும்பத்தோடு குடியிருப்பது சர்க்காருக்குத் தெரியவந்துள்ளது. கூட்டைக் கலைப்பதும் வேட்டையே என்று சட்டம் சொல்வதால், மேற்படிக் குருவிகள் தாமாகக் காலி செய்யும்வரை மேற்படிப் பாலத்தின்மேல் கடப்பாரை, சம்மட்டி, கழி, கல், கெட்ட வார்த்தை ஆகிய எதுவும் படக்கூடாது. மீறுபவர்கள்மேல் வழக்கு. உத்தரவுப்படி.’

யார் உத்தரவு என்று எழுதவில்லை. சட்டத்தின் உத்தரவுதானே.

வெறும் காகிதம் மொட்டையாகத் தெரிந்தது. சுத்தியல் முகத்தில் பூட்ஸ் பாலிஷைத் தடவி அடியில் ஒரு குத்து. பழுப்பு முத்திரை. கலெக்டர் ஆபீசில்கூட இவ்வளவு அழகாக இருக்காது. அப்புறம் கை சும்மா இருக்கவில்லை. வளைவுக்கடியில் நட்டிருந்த சாரத்தின் நாலு சவுக்குக் காலிலும் ஓங்கி ஓங்கி நாலு அடி. சுத்தியலைத் துடைத்து (துடைத்ததாகத்தான் ஞாபகம்) பெட்டியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம்.

மாலை. வெள்ளையன் வந்து சொன்னது. அவனும் அவன் அம்மா காளியம்மா பெரிம்மாவும் அங்கேதான் ஜல்லி சுமக்கிறார்கள். மேஸ்திரி காகிதத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலை ஆரம்பிக்கச் சொன்னாராம். யாரும் காகிதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பெரிம்மா போய்ச் சவுக்குக் கட்டையில் பதிந்திருந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாராம். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். இருபத்தாறு கூடையும் கவிழ்ந்தது.

மேஸ்திரி கத்தினார், கெஞ்சினார், டீ வாங்கித் தருவதாகச் சொன்னார். “சுத்தி அடிச்சதுங்க” என்பதைத் தவிர ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

ஒரு லாரி, ஒரு மேஸ்திரி, இருபத்தாறு ஆள், எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக நிறுத்தியவன் யார்? பதினாறு வயது. முக்கால் சட்டை. பேர் சொல்ல மாட்டான்.

14-2, புதன்.

இரண்டாம் நாளும் வேலை இல்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பாலத்தில் உட்கார்ந்து குருவி பார்த்தேன். சேறு, பூச்சி, சேறு, பூச்சி. ஒரு நிமிஷம் ஓய்வில்லை. கூட்டு வாயில் மூன்று மஞ்சள் வாய்.

வெள்ளையனுக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். பாராட்டுவான் என்று பார்த்தால் முகம் செத்துவிட்டது. “சுத்திய நீ எடுத்தியா? உங்க நைனாவுக்குத் தெரியுமா?” என்றான். தெரியாது என்றேன். “டேய். போன வருசம் அந்தாண்ட ரேஞ்சுல ஒரு கார்டு சுத்திய தொலச்சிட்டாரு. பொண்டாட்டி புள்ளையோட தெருவுல நிக்கிறாரு, தெரியுமா உனக்கு?”

தெரியாது.

அவன் போன பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை.

15-2, வியாழன். காற்று. புளியமரமெல்லாம் கலகலவென்று ஆடுகிறது.

காண்ட்ராக்டர் வந்தார். திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில். இறங்கவில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி ஒரே ஒரு ஹாரன். நைனா காக்கிச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். நான் கதவிடுக்கில்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் பயம் இவ்வளவு வந்திருக்காது. காகிதத்தை நீட்டி, முத்திரையை நகத்தால் சுரண்டிக் காட்டி, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார்:

“கார்டு, சுத்தி உன் கையில இருந்துச்சா, வேற எவன் கையிலயாவது இருந்துச்சா? யோசிச்சி சொல்லு. நீ அடிச்சிருந்தா, மேல கேக்காம அடிச்சதுக்கு மெமோ. வேற எவனாவது அடிச்சிருந்தா உன் வேலையும் போச்சு, அவனுக்குக் கேஸும் இருக்குது.”

நைனா, “ரேஞ்சர் அய்யா வரட்டுங்க” என்றார். அந்த மூன்று வார்த்தையில் மூன்று முறை எச்சில் விழுங்கினார். எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை ரேஞ்சரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு ஜீப் போனது.

நைனா உள்ளே வந்தார். பெட்டியைத் திறந்தார். சுத்தியலை எடுத்தார். முகர்ந்தார்.

அம்மாவிடம், “பாலிஷ் டப்பா மூடி ஏன் தொறந்து கெடக்குது?” என்றார். அம்மா தெரியாது என்றார். நைனா மண்ணெண்ணெயில் துணியை நனைத்து எழுத்தின் இடுக்கையெல்லாம் குச்சியால் குடைந்து குடைந்து துடைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாக.

அவர் திரும்பவில்லை, நான் சொல்லவில்லை.

நான் பயப்படவில்லை. பயம்தான் என்மேல் படுத்துக்கொண்டிருக்கிறது. எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

16-2, வெள்ளி.

பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி (உண்மையான வலி, வழக்கமானது இல்லை).

பயங்களின் பட்டியல்:
நைனா வேலை போவது.
குவார்ட்டர்ஸைக் காலி செய்வது. எங்கே போவது? கீழே பெரியப்பா வீட்டில் நாலு நாள் தாங்கும்.
போலீஸ்.
நைனாவே என்னைக் கேட்பது.
நைனா கடைசிவரை கேட்காமலே இருப்பது.

அம்மா கஞ்சி கொடுக்கும்போது சொன்னார்: “உன் வாயி ஒருநாள் உங்க நைனா சோத்துல மண்ணப் போடும்னு நெனச்சேன். கையி போட்டுச்சு.” ஆக அம்மாவுக்குத் தெரியும். அப்படியென்றால் அவருக்கும்.

நாலு மணிக்கு வெள்ளையன் மூச்சிரைக்க வந்தான். நாளை காலை கீழேயிருந்து நாலு ஆள் வருகிறார்களாம். மலைக்காரர்கள் இல்லை. சுத்தி, குறி எதுவும் தெரியாதவர்கள். திங்கட்கிழமைக்குள் கூட்டையெல்லாம் கழியால் தட்டி ஓடையில் தள்ளிவிடுவது. மேஸ்திரி சொன்னதை இவன் காதால் கேட்டிருக்கிறான்: “கூடே இல்லன்னா எதுக்கு நோட்டீசு? கார்டு குடிச்சிட்டு அடிச்சான்னு ரேஞ்சரே எழுதிட்டுப் போவாரு.”

நைனா குடிக்க மாட்டார். டீகூட அரை கிளாஸ்.

எனக்குப் புரிந்தது இதுதான். கூடு இருந்தால் நைனா சட்டத்தைக் காப்பாற்றிய கார்டு. கூடு இல்லாவிட்டால் சுத்தியலோடு விளையாடிய கார்டு. நடுவில் நாற்பத்து மூன்று மண் உருண்டை.

நைனா ரேஞ்ச் ஆபீசுக்கு நடந்தே போயிருக்கிறார், வர நாளை மதியம் ஆகும். எனவே நான். நாளை விடியலில் பாலத்தில் நிற்பேன். என் பிணத்தைத் தாண்டித்தான். (பிணம் என்று எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிடுகிறேன். அடித்தாலும் தெரிகிறது.)

17-2, சனி.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடியலுக்கு முன்பே போய்விட்டேன். பனியில் பாலம் பாதிதான் தெரிந்தது. ஓடையில் பாறைக்குப் பின்னால் பதுங்கினேன், இது தந்திரம். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் இறங்கினார்கள். மூங்கில் கழி, நுனியில் கம்பி. பேசவே இல்லை. முதல் கூடு விழுந்த சத்தம் பச்சை முட்டையைக் கீழே போட்ட மாதிரி இருந்தது. அப்புறம் தொப், தொப் என்று விடாமல். தாய்க்குருவிகள் மொத்தமாகக் கிளம்பி வளைவுக்குள் சுற்றுகிற சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்போதுதான் நான் எழுந்தேன். பாறைமேல் ஏறி நின்று ஒரே சத்தம்: “டேய், சுத்தி அடிச்ச எடம்டா! இன்னொரு கூட்டுல கை வெச்சீங்க, மலைய வுட்டு எறங்க மாட்டீங்க!”

நாலு பேரும் கழியைக் கீழே போட்டார்கள். மேலே வேலை உண்டா என்று பார்க்க வந்த பெரிம்மாவும் மற்றவர்களும் கரையில் வந்து நிற்க, ஆட்கள் ஓடை வழியாகவே போய்விட்டார்கள்.

பத்தொன்பது கூடு போயிற்று. இருபத்து நாலு மிச்சம்.

நானும் வெள்ளையனும் மணலில் தேடினோம். ஜல்லிக் கூடையில் துணி போட்டுப் பொறுக்கினோம். கண் திறக்காதவை. வயிற்றுத் தோலுக்குள் குடல் தெரிகிறது. கையில் எடுக்கும்போது சில வாய் திறந்தன, நான் பூச்சி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து. பத்து மணிக்கெல்லாம் எதுவும் திறக்கவில்லை.

மதியம் நைனா வந்ததும் சொன்னேன். நான் சத்தம் போட்ட இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். நைனா என் தலையில் கையை வைத்தார். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்று ஞாபகமில்லை. கை கனமாக இருந்தது.

18-2, ஞாயிறு.

நைனாவும் நானும் பகல் முழுக்கப் பாலத்தில். யாரும் வரவில்லை. யார் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

முடிவு செய்துவிட்டேன். நாளை ரேஞ்சர் முன்னால் ஓரடி முன்னே வந்து, ‘நோட்டீசு எழுதியது நான், சுத்தியல் எடுத்தது நான், நைனாவுக்குத் தெரியாது’ என்று சொல்வேன். மூன்று வாக்கியம். ஆட்டுக்குச் சொல்லிப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் வருகிறது.

கூடவே காண்ட்ராக்டர் குரலும் வருகிறது. வேற எவனாவது அடிச்சிருந்தா உன் வேலையும் போச்சு. சொன்னால் நைனாவுக்கு ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. நல்லவேளை கணக்குப் பரீட்சையில் இந்த மாதிரிக் கேள்வி வரவில்லை.

19-2, திங்கள். வெயில். முடிந்தது. எழுத்து கோணல்.

ரேஞ்சர் பதினொரு மணிக்கு வந்தார். ஒல்லியான ஆள், கண்ணாடி. கூடவே காண்ட்ராக்டர், மேஸ்திரி. கரையில் வேலை ஆட்கள் அத்தனை பேரும்.

ரேஞ்சர் முதலில் ஓடையில் இறங்கி, ஷூவைக் கழற்றிவிட்டு வளைவுக்கடியில் போனார். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். உடைந்த கூட்டுத் தடங்களையும் எண்ணினார். அப்புறம் காகிதத்தை வாங்கிப் படித்தார். ஒரு இடத்தில் நின்று, நைனாவைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“இதை நீதான் எழுதினியா?”

இதுதான் என் ஓரடி. காலைத் தூக்கினேன். தூக்கின கால் முன்னே போகவில்லை, அங்கேயே இறங்கியது.

“நான்தாங்க சார்” என்றார் நைனா.

“கெட்ட வார்த்தை படக்கூடாதுன்னும் நீதான் எழுதினியா?”

“ஆமாங்க சார். மேஸ்திரி ரொம்பப் பேசுறாருங்க.”

கரையில் யாரோ சிரித்து அடக்கினார்கள். நைனா சிரிக்கவில்லை. கை இரண்டையும் தொடையோடு ஒட்டி நேராக நின்றார். எனக்குத் தெரிந்த நைனா மாதிரியே இல்லை.

காண்ட்ராக்டர், அதிகாரம் இல்லாமல் ஒரு கார்டு வேலையை நிறுத்தியதைப் பற்றியும் நாளுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைப் பற்றியும் சொன்னார். ரேஞ்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, இது காப்புக்காட்டு எல்லைக்குள் இருக்கிற பாலம், கூட்டைக் கலைத்தது வேட்டை, அதுதான் எனக்கு முதலில், கார்டின் மெமோ அப்புறம் என்றார். கலைத்தது யார், யார் சொல்லி என்று கேட்டார். மேஸ்திரி, தனக்கு எதுவும் தெரியாது, யாரோ விளையாட்டுப் பிள்ளைகள் கல் விட்டிருப்பார்கள், இதோ இந்தக் கார்டு மகனே கவண் வைத்திருப்பவன்தானே என்றார்.

நைனா அப்போது சொன்னார், பெருமையாக: “சார், என் பையன் கண்ணால பாத்திருக்கான். அவன்தான் சத்தம் போட்டு நிறுத்துனது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ரேஞ்சர் நோட்டைப் பிரித்துக் கேட்டார். எத்தனை ஆள்? நாலு. என்ன சட்டை? ஞாபகமில்லை சார். கழி யார் யார் கையில்? பனி சார். கடைசியாக, பேனாவை நிறுத்தி, “மேஸ்திரி அங்க இருந்தாரா? இருந்தாருன்னா கேஸ் நிக்கும். இல்லன்னா உங்கப்பா மெமோ மட்டும்தான் நிக்கும். நல்லா யோசிச்சிச் சொல்லு” என்றார்.

யோசித்தேன். நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியும்.

“தெரியலைங்க சார்” என்றேன். உலகத்திலேயே மிகச் சின்னக் குரல்.

மேஸ்திரி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். நைனாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

“நான் பாத்தேன்.”

காளியம்மா பெரிம்மா. வெள்ளையன் அவர் கையைப் பிடித்து இழுத்தான், வாணாம்மா, வாணாம்மா என்று. அவன் பயம் நியாயம்தான். இந்த மலையில் பாரஸ்டு கேஸுக்கு மலைக்காரர் யாரும் சாட்சி சொன்னது கிடையாது. எப்போதும் குற்றவாளி வரிசைதான். போன வருஷம் இதே பெரிம்மாமேல் விறகுக் கேஸ் எழுதி அபராதம் வாங்கியதே நைனாதான்.

பெரிம்மா கையை உதறிக்கொண்டு இறங்கி வந்தார்.

“மேஸ்திரி மேல பாலத்துல நின்னு, இங்க குத்து அங்க குத்துன்னு காட்டிக் குடுத்தாரு. அவுனுங்க குத்துனாங்க. சுத்தி பட்டதத் தொட்டா நாங்க அபராதம் கட்றோம் இல்ல? அவுரு தொட்டா மட்டும் கட்ட வாணாமா?”

ரேஞ்சர் எழுதிக்கொண்டதைப் படித்துக் காட்டினார். பெரிம்மா கட்டைவிரல் நீட்டினார். கூட யார் இருந்தது என்று கேட்டபோது என் பக்கம் திரும்பாமல், “இந்தப் பையனும் இருந்தான்” என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

முடிவு: மேஸ்திரிமேல் கேஸ். குஞ்சுகள் பறக்கும்வரை வளைவைத் தொடக்கூடாது, அந்தாண்டக் கரையில் தோண்டலாம். என் நோட்டீசில் ‘கெட்ட வார்த்தை’யை மட்டும் அடித்துவிட்டு ரேஞ்சர் அடியில் கையெழுத்துப் போட்டுத் திரும்பப் பாலத்திலேயே ஒட்டச் சொன்னார். நைனாவுக்கு மெமோ, ஏழு நாளில் விளக்கம். சுத்தியலை வாங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டார். இனி நைனா கையில் கொடுப்பதா வேண்டாமா என்பது விளக்கத்தைப் பார்த்த பிறகாம். வேலையும் அப்படித்தான் என்று சொல்லாமல் சொன்னார்.

ஜீப் திரும்பும்வரை நைனா சல்யூட்டிலேயே நின்றார்.

20-2, செவ்வாய்.

அந்தாண்டக் கரையில் கடப்பாரைச் சத்தம். எல்லோருக்கும் வேலை இருக்கிறது. புது மேஸ்திரி வருகிறாராம்.

வெள்ளையன் என்னோடு பேசவில்லை. வீட்டுக்குப் போனேன். பெரிம்மா புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தார். நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். “குந்து, ஒரு கையி குடு” என்று ஒரு முறம் புளியைத் தள்ளினார். இரண்டு மணி நேரம் கொட்டையெடுத்தேன். ஆரம்பித்ததை முடிக்கவில்லை.

சாயங்காலம் நைனா காகிதமும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மெமோவுக்கு விளக்கம் எழுத வேண்டும். “சர்க்கார் பாஷை உனக்குத்தான் நல்லா வருது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

சொல்லச் சொல்ல எழுதினேன். கூடுகளை எண்ணிய தேதி, மேஸ்திரியிடம் சொன்ன தேதி, அறிவிப்பு ஒட்டியது தானே என்பது. ‘தானே’ என்று எழுதும்போது பேனா கிழித்துவிட்டது. வேறு காகிதம். கடைசியில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறார்: ‘என் மகன் தன் உயிரைப் பொருட்படுத்தாமல், தனியாளாக நின்று சத்தமிட்டு, இருபத்து நான்கு கூடுகளைக் காப்பாற்றினான்.’ ரேஞ்சர் மனசு இளகுமாம். வேண்டாம் நைனா என்றேன். “கூச்சப்படாத. நீ இன்னா சொல்லிக் கத்துனன்றதயும் அப்பிடியே எழுது” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்கிறது. வருவதற்குள் எழுதியிருக்க வேண்டும்.

முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சனிக்கிழமைப் பக்கத்தில் இருக்கிற சத்தம் என்னுடையது இல்லை. பெரிம்மாவுடையது, வார்த்தைக்கு வார்த்தை. பாறைமேல் ஏறி நின்றதும் அவர்தான். நான் பாறைக்குப் பின்னால் குந்தி, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, கைமுட்டியை வாயில் திணித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரியை மட்டும் இல்லை, எதையுமே பார்க்கவில்லை.

நானும் கத்தினேன் என்பது மட்டும் நிஜம். ஆட்கள் எல்லாம் போன பிறகு. காலில் ஏதோ ஏறியது, பாம்பு என்று நினைத்தேன்.

தவளை. அதுவும் சின்னது.